மேட் பிளாக்கில் ஒரு பொட்டு

கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது டெயில் லைட் பற்றித்தான்.

பதுளையில் பைக்குகளை மாற்றிக் கொடுக்கும் கடை எங்களுடையது. பெயின்ட் படக்கூடாத இடங்களை டேப் ஒட்டி மறைக்கும் மாஸ்கிங் வேலை எனக்கு. அன்று மகளுக்கு இருமல். இரவு தூக்கமில்லை. அவளை அம்மாவிடம் விட்டு வந்தது சரிதானா என்று யோசித்தபடியே டேப் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து இளைஞர் தினேஷின் வண்டி அது. புது சைலன்சர் பூட்டியாயிற்று. ரிம், எஞ்சின் கவர், ஹேண்டில் எல்லாம் பளபளப்பில்லாத மேட் பிளாக். பின்னால் இருந்த ரிஃப்ளெக்டரையும் கழற்றச் சொல்லிவிட்டார். டெயில் லைட்டில் பெயின்ட் படாமல் டேப் ஒட்டப் போனேன்.

"அக்கா, அதுக்கும் கறுப்பு அடிங்க."

"பசறை ரோட்டுல பனி இறங்கினா பின்னால வர்ற லொறிக்காரனுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"இந்தச் சத்தம் கேக்காதவன் செவிடனாத்தான் இருப்பான்!"

முதலாளி சிரித்தார். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் அவரை நானா என்போம். "சைலன்சர்னு பேரு, ஊரையே எழுப்புது. கஸ்டமர் கேக்குறதச் செய்ங்க தங்கச்சி. நாம மாட்டேன்னா அடுத்த கடையில அடிச்சிக்குவாரு."

அதுவும் உண்மைதான். எனக்கென்ன என்று இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. பின் சீட்டில் யார் வருவார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"பொஞ்சாதியும் புள்ளையும்."

அடித்து முடித்த பிறகு லைட் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

வண்டி எடுக்கும் நாளில் அவர் மனைவி பவானி கைக்குழந்தையோடு வந்தார். கோயில் சந்தனமும் குங்குமமும் இலையில் இருந்தன. டேங்கில் பொட்டு வைக்க விரலை நீட்டினார்.

"வைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். மேட் பெயின்டில் சந்தனம் பட்டால் கறை விழும். தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும்.

பவானியின் முகம் வாடிவிட்டது. "பொட்டில்லாம எப்படிங்கக்கா கொண்டு போறது? மாமி லயத்து வீட்டு வாசல்லயே நிப்பாட்டிருவாங்க."

அப்போதுதான் தோன்றியது. லொறிகளுக்கு ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிப் பின் மட்காட்டில் ஒட்டினேன்.

"இது அழியாத பொட்டு. கறையும் பிடிக்காது."

"ஃபுல் பிளாக்னுதானே சொன்னேன்!" தினேஷ் அதன் ஓரத்தில் நகத்தை வைத்தார்.

"எங்கண்ணு முன்னாலயே பொட்ட அழிக்கப் பாக்குறீங்களா?" என்றார் பவானி.

கை சட்டென்று பின்வாங்கியது.

நானா ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். வட்டம் பளிச்சென்று எரிந்தது. "கண்ணக் குத்துதே! சரி, நம்ம ஆளுக வந்தா என்ன ஒட்டுவீங்க?"

"பிறை வெட்டுறேன் நானா."

விளையாட்டாகச் சொன்னதுதான். இப்போது அதையும் வெட்டுகிறோம். டெயில் லைட்டில் கறுப்பு அடிக்கவே மாட்டேன் என்று நின்றிருக்க வேண்டுமோ என்று இப்போதும் சில சமயம் தோன்றும். ஆனால் வேண்டாம் என்றால் வண்டி அடுத்த கடைக்குப் போய்விடுகிறது. பொட்டு என்றால் யாரும் பிய்ப்பதில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பிறையில் வெளிச்சம் படும் இடம் குறைவு. கொஞ்சம் அகலமாகவே வெட்டுங்கள்.