முசே கடைப் பியானோவும் என் சந்தேகமும்

பிள்ளைகளே, என்னைச் சந்தேகப் பேர்வழி என்று நீங்கள் கேலி செய்வது என் காதில் விழாமல் இல்லை. அந்தப் புத்தி ஒருமுறை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று எழுதி வைக்கிறேன்.

மில்லில் தறிக்கு மரவேலை செய்துகொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசியில் அந்த வேலை போய், பியானோ செய்கிற ஒரு பழைய கடையில் சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்போம். வருகிறவர்களிடமெல்லாம் கடையின் வரலாற்றைச் சொல்வார். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே அவருடைய தாத்தா தொடங்கிய கடையாம். சீமை மரம் நம் கடல் காற்றைத் தாங்காது என்று தேக்கிலேயே பெட்டி செய்தாராம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிரான்சுக்குக் குடிபோகிற வீடுகளிலிருந்து பழைய பியானோக்கள் பின்வாசல் வழியாக வந்தபடி இருந்தன. ரிப்பேருக்கு என்பார். பழைய பேரைச் சுரண்டிவிட்டுத் தன் கடைப் பேரை ஒட்டுகிறாரோ? பாலிஷ் போடுகிறவரிடம் மெல்லக் கேட்டேன்.

"தறிக்கட்ட செதுக்கினவனுக்குப் பியானோவோட ஜாதகம் எதுக்குய்யா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு கான்வென்ட் மதர், தாத்தா செய்த பியானோ வேண்டும் என்று கேட்டிருந்தார். கடையில் ஒன்று இருந்தது. அதைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு வந்தது. விரல் வைக்கும் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினேன். ஓரத்துக் கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெள்ளைக்காரன் பேர். மாட்டிக்கொண்டார் முசே என்று நினைத்தேன்.

மறுநாள் மதர் வந்தார். முசே உள்ளே போன நேரம் பார்த்து என்னிடம் கேட்டார்.

"ஏம்பா, இது இங்கியே செஞ்சதுதான?"

"அப்பிடித்தான் சொல்றாரு மதர். ஆனா உள்ள வெள்ளக்காரன் பேரு இருக்குது."

மதர் பியானோவின் மூடியைச் சாத்தினார். முசே வந்ததும், யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"இன்னாய்யா சொன்ன அவங்ககிட்ட?" என்றார் முசே. மறைக்காமல் சொன்னேன்.

"கட்டைங்க மட்டும் பிரான்சுலேந்து வந்துது. அத செஞ்சவன் பேருய்யா அது. பெட்டி எங்க தாத்தா செஞ்சது. மரம் தெரிஞ்சவன்னுதான உன்ன சேத்தேன்? மரத்தப் பாத்தியா நீ?"

"வாயால எத வேணா சொல்லலாம் முசே."

"அப்ப நீயே பாத்துக்க. சந்தேகம் தீந்தா நாளைக்கி வேலைக்கு வா. தீரலன்னா வராத."

எல்லோரும் சாப்பிடப் போனபிறகு பியானோவைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பாலிஷ் படாத முதுகுச் சட்டத்தில் உளியால் லேசாகச் சீவி மோந்து பார்த்தேன். தேக்கின் எண்ணெய் வாசனை. ஓரிடம் போதுமா? அடிப்பலகையில் சீவினேன். உள்தூணில் சீவினேன். அப்போதும் மனம் ஆறவில்லை. சட்டம் கோத்த மூலையைத் தடவினேன். நம் ஊர்க் கதவு நிலைக்கு அடிப்பது போலவே மூங்கில் ஆணி அடித்திருந்தது. பிரான்சில் எவன் மூங்கில் ஆணி அடிப்பான்?

சைக்கிளை எடுத்துக்கொண்டு கான்வென்ட்டுக்குப் போனேன். கேட் சாத்தியிருந்தது. சுவரோரம் நின்று, 'மதர், மரத்தைப் பார்த்துவிட்டேன். பெட்டி இங்கே செய்ததுதான். நான் சொன்னது தப்பு' என்று ஒரு தாளில் எழுதினேன். சட்டைப் பையிலிருந்த தேக்குச் சீவலை அதற்குள் வைத்து மடித்து, கேட்டில் மாட்டியிருந்த தபால் பெட்டிக்குள் போட்டேன்.