முழங்கால் உயரத் தாழ்வாரம்

நாய்க்குட்டி அகானே தண்ணீர்க் கிண்ணத்தைத் தவறவிட்டது. குனிந்து நாக்கை நீட்டியது; நாக்கு கிண்ணத்துக்கு ஒரு விரல் இந்தப் பக்கம் வெறும் சிமெண்டுத் தரையை நக்கியது. தலையைத் தூக்கி மறுபடி குறிபார்த்தது. அந்தத் தலை லேசாக ஆடியது. யாரோ எதையோ கேட்க, இது இல்லை இல்லை என்று மறுப்பதுபோல் இருந்தது.

நொபுயெ கரசாவா பெர்சிமன் பழங்களைத் தோல் சீவிக் காயவைக்கக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். பதினெட்டு நாளாகத் தினமும் பார்க்கிற காட்சிதான். எழுந்துபோய்க் கிண்ணத்தை அதன் வாய்க்கு நேராக நகர்த்தினாள்.

ஜப்பானின் ஈடா வட்டாரத்தில் ஷிபா நாய் வேண்டுமென்றால் கரசாவா வீட்டுக்குத்தான் வருவார்கள். புருஷன் யோஷிஹிரா இறந்துபோய் ஆறு வருஷமாகிறது. ஒன்பது நாய்களையும் அறுபத்தொரு வயதில் ஒற்றை ஆளாய்க் கட்டி மேய்க்கிறாள். வருகிறவர்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. குட்டியின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார்கள், ஒன்று குறைந்தாலும் நாய்ப் போட்டியில் உதவாது. வாலின் சுருளையும் காதின் சாய்வையும் பற்றி மதியம் முழுக்கப் பேசுவார்கள். ரத்தத்துக்குள் என்ன ஓடுகிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

அவளிடம் கேட்டிருந்தால் சாசாவைக் காட்டியிருப்பாள். சாசா அகானேயின் தாய். பஞ்சாங்கத்தில் நாய் நாள் வந்தால், ஐந்து மாதக் கர்ப்பிணிகள் கோயிலில் வயிற்றுப்பட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு, திரும்புகிற வழியில் இங்கே இறங்கி சாசாவின் முதுகைத் தடவிவிட்டுப் போவார்கள். நாய்க்கு இருக்கிற சுகப்பிரசவம் தங்களுக்கும் வாய்க்கட்டும் என்று. சாசா முனகாமல் பெற்றுப்போடும். இவ்வளவு சுலபமாகப் பிறக்கிற குட்டிக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது என்று நொபுயெ நினைத்தாள். அங்கேதான் அவள் கோட்டைவிட்டாள். அந்த வம்சத்துக் குட்டிகளுக்குக் கேடு பிறக்கும்போது வருவதில்லை. ஐந்தாம் மாதம் வருகிறது.

முதல் குட்டிக்கு வந்தபோது யோஷிஹிரா இருந்தார். பதினொரு வருஷத்துக்கு முன்னால். குட்டி தள்ளாடியது, கண் மங்கியது, கால் விறைத்தது, ஒரு வயது தாண்டியதும் போய்விட்டது. யோஷிஹிரா அதைப் பெர்சிமன் மரத்தடியில் புதைத்துவிட்டு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார், "யாராவது கேட்டா தாழ்வாரத்துலேர்ந்து விழுந்துடுச்சுன்னு சொல்லு. தலையில அடி." வீட்டின் மரத்தாழ்வாரம் அவள் முழங்கால் உயரம்கூட இல்லை. அதிலிருந்து குட்டிகள் நாளைக்கு நாற்பது தடவை குதிக்கும். ஆனாலும் அவள் அப்படியே சொன்னாள், கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு இன்னொன்று விழுந்தது. மூன்றாவதாக விழுந்தது தோஃபு கடை மொமோசெ வீட்டில் வளர்ந்த சுமிரே.

கால்நடை டாக்டர் ஒகிசோ, இனம் சேர்க்க வைத்திருக்கும் ஆண் நாய் கென்மாருவைப் பற்றி மூன்று வருஷத்துக்கு முன்பே கேட்டார், "கென்மாருவோட கன்னத்துல பஞ்சால ஒரு தடவு தடவிக் குடுங்கம்மா. பரிசோதனைக்கு அனுப்பிடறேன்."

"மூணு கோப்பை வாங்கின நாய்க்குப் பரிசோதனையா? உங்க வேலையப் பாருங்க டாக்டரம்மா" என்று நொபுயெ வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வெடுக்கை நினைத்தால் இப்போது அவளுக்கே காது கூசுகிறது.

நேற்று மத்தியானம் ஒகிசோ பரிசோதனை முடிவோடு போன் செய்தார். "அகானேவுக்கு அந்த நோய்தான்மா. மருந்து கிடையாது. அப்பன்கிட்டேருந்து ஒரு கெட்ட ஜீன், ஆத்தாகிட்டேருந்து ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தாத்தான் வரும். அப்படின்னா கென்மாருகிட்ட இருக்கு, சாசாகிட்டயும் இருக்கு. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, கல்லுமாதிரி இருப்பாங்க. அதான் இதுல இருக்கிற ஆபத்து. அந்த ரத்தத்த அதே ரத்தத்தோட சேக்காதீங்க. தயவுசெஞ்சு."

சேர்ப்பதுதான் இந்த வீட்டின் தொழிலே. சாசா கென்மாருவின் பேத்தி. நல்ல நாயின் அழகு நிலைக்க வேண்டுமென்றால் பேத்தியை அதற்கே கொண்டுவர வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் பாடம். சுமிரேயும் அகானேயும் பிறந்தது அப்படித்தான். அகானேயோடு பிறந்த ஆண் குட்டி இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம், தபால்கார ஓனோவின் வீட்டில் இருக்கிறது.

இன்றைக்கு சாசாவின் தங்கை கொஹகி வருகிறது. சுமிரே செத்த துக்கத்துக்கு ஆறுதலாக நொபுயெதான் அதை மொமோசெக்குக் கொடுத்தாள். சும்மா இல்லை, இந்தப் பக்கத்து வழக்கப்படி: பெட்டையை வளர்க்கக் கொடுப்பார்கள், முதல் ஈற்றில் ஒரு குட்டியைத் திருப்பித் தர வேண்டும். யாரோடு சேர்ப்பது என்பதும் கொடுத்தவள் வார்த்தை. கென்மாருவோடு என்று அவளே போன வருஷம் சொல்லியிருந்தாள்.

பத்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. மொமோசெ ஒரு கையில் கொஹகியும் மறு கையில் துணியில் முடிந்த டப்பாவுமாக உள்ளே வந்தான். ஐம்பது வயது, எப்போதும் சோயா வாசம், வாய் சும்மா இருக்காது.

"அக்கா, ஹீட்டுக்கு வந்து இன்னியோட பன்னெண்டு நாள். உங்க வீட்டுக் கிழவன் ரெடியா? செம்பயறுச் சோறு கொண்டாந்திருக்கேன். கல்யாணச் சாப்பாடு வேணும்ல!"

"கென்மாருவுக்கு வயிறு சரியில்ல மொமோசெ. இன்னிக்கு வேணாம்."

கூண்டுக்குள் கென்மாரு கம்பியில் கால் வைத்து எம்பி எம்பிக் குதித்தது. மொமோசெ அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான்.

"வயிறு சரியில்லாதவன் ஆடற ஆட்டமா இது? சரி, உங்களுக்கு மனசில்லன்னா விடுங்க. நாளைக்கு மத்சுமோத்தோவுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க கென்மாருவோட மகன் இருக்கான். ரத்தம் ஒண்ணுதானே."

நொபுயெ கொஹகியைப் பார்த்தாள். இங்கே மறித்தால் அங்கே நடக்கும். கொஹகியிடமும் அது இருந்தால் அடுத்த வருஷம் இன்னொரு முற்றத்தில் இன்னொரு குட்டி தரையை நக்கும். யார் மறிப்பது? சொன்னாலோ, இத்தனை வருஷத்துப் பெயர், கோப்பைகள், யோஷிஹிராவின் மானம் எல்லாம் ஒரே நாளில் போகும். கத்தியை எடுத்து, சீவி முடித்த பழத்தையே மறுபடி சீவினாள்.

அப்போது அகானே மொமோசெயை நோக்கி வந்தது. வாலைச் சுருட்டி, சந்தோஷமாக. நாலு அடி வைத்தது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. சமதரையில், தடுக்க ஒரு கூழாங்கல்கூட இல்லாத இடத்தில், பக்கவாட்டில் சாய்ந்தது. எழ முயன்றது. தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மொமோசெயின் சிரிப்பு நின்றுபோனது. சுமிரே விழுவதை அவன் எத்தனையோ முறை பார்த்தவன்.

"இதுக்கு என்னாச்சு?"

"தாழ்வா..." என்று நொபுயெயின் வாய் தன்பாட்டுக்குத் தொடங்கியது. பாதியில் கடித்து நிறுத்தினாள். பிறகு அகானேயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"விழல, மொமோசெ. எதுவுமே விழல. இது வியாதி. எங்க நாய்ங்க ரத்தத்துல இருக்கு. சுமிரேவுக்கும் இதேதான். எனக்கு அப்பவே தெரியும்... தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு இருந்தேன். கொஹகியக் கூட்டிட்டுப் போயிடு. யார்கூடயும் சேக்காதே."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவன் சோற்று டப்பாவைத் தாழ்வாரத்தில் வைத்தான், பிறகு என்ன நினைத்தானோ அதைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"எங்கிட்ட சொல்லாதீங்க. வந்து என் வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க."

மொமோசெயின் வீடு தோஃபு கடைக்குப் பின்னால். நொபுயெ இரண்டு வருஷமாக அந்தப் பின்பக்கம் போனதில்லை. தாழ்வாரத்தின் விளிம்பு முழுக்கப் பலகை அடித்திருந்தது, இடுப்பு உயரத்துக்கு, இண்டு இடுக்கில்லாமல். வெயில் உள்ளே வர வழியில்லை. கொஹகியின் சோற்றுத்தட்டு வாசலில் கிடந்தது. பக்கத்தில் நீளக் கைப்பிடி அகப்பை. நாய்க்குப் பக்கத்தில் போகப் பயப்படுகிற ஒருத்தி, தட்டைக் கையால் தொடாமல் தள்ளிவிடுவதற்கு.

மொமோசெயின் மனைவி கினுயோ பட்டறையில் தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டு நின்றாள். அவள் வாய்விட்டுச் சிரித்தே இரண்டு வருஷமாகிறது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். தாழ்வாரக் கதவைச் சாத்தாமல் விட்டுக் குட்டியைக் கொன்றவள் என்றும் பேசிக்கொள்வார்கள். அதை முதலில் பேசியது யார் என்று நொபுயெக்குத் தெரியும்.

நின்றபடியே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, யோஷிஹிரா மண்வெட்டி கழுவியதைக்கூடச் சொன்னாள். கினுயோ தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீ கதவத் தொறந்து போட்டதால இல்லம்மா. நீ சாத்தியிருந்தாலும் அது போயிருக்கும்."

"சாத்தினேன்க்கா" என்றாள் கினுயோ.

மொமோசெ தலையை நிமிர்த்தினான்.

"சாத்தினேன். கொக்கி போட்டது நல்லா ஞாபகம் இருந்துச்சு. மூணு தடவ இவர்கிட்ட சொன்னேன். நீங்கல்லாம் விழுந்துச்சு விழுந்துச்சுன்னீங்க. அப்புறம் எனக்கே என் ஞாபகத்துமேல நம்பிக்க போயிடுச்சு. இப்பவும் ராவுல எந்திரிச்சு எந்திரிச்சுக் கதவத் தொட்டுப் பாக்கறேன்."

நொபுயெ ஈரத்தரையில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தாள். எழுந்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி. மொமோசெ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், அவன் தோள் குலுங்கியது.

கினுயோ தொட்டியைப் பார்த்தபடியே கேட்டாள், "தபால்காரர் வீட்டுக்கு ஒரு ஆண் குட்டி குடுத்தீங்களே. அதுக்கு இப்ப எத்தன மாசம்?"

"அஞ்சு முடிஞ்சுது."

கினுயோ கையை உதறித் துடைத்தாள். ஆணியில் மாட்டியிருந்த தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"எந்திரிங்க. நானும் வர்றேன். அங்கயும் கதவு சாத்தறவ ஒருத்தி இருப்பா."