சீர்ப் பெட்டிகளைப் பிரித்த நாள்

தேனியில் ஒரு வாடகை மாடியில் உட்கார்ந்து நான் எடுக்கும் வீடியோக்களுக்குக் கீழே ஒரு புகார் தவறாமல் வரும். மிக்சியோ குக்கரோ சப்பாத்தி போடும் எந்திரமோ, எதை வாங்கி ஓட்டிப் பார்த்துச் சொன்னாலும், பொருளைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, "அந்த அட்டைப்பெட்டிய ஏம்மா இப்பிடிக் கிழிக்கிற? பதனமாப் பிரிச்சு மடிச்சு வச்சா நாளைக்கு ஆகும்ல" என்று யாராவது எழுதுவார்கள். பெரும்பாலும் என் அம்மா வயதுப் பெண்கள். நான் பதில் எழுதுவதில்லை. அடுத்த வீடியோவில் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கிழிக்கிறேன்.

எனக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் பழைய பகை.

நான் பெரியவளானபோது அனுமந்தன்பட்டியில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுச் சடங்கு வைத்தார்கள். கம்பத்திலிருந்து தாய்மாமன் ஒரு வேன் நிறையச் சீர் கொண்டுவந்தார். மேளம் முன்னால் போக, தெருமுனையிலிருந்து பெட்டி பெட்டியாகத் தலையில் தூக்கி வந்தார்கள். பந்தலில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தாய்மாமன் சீர், கிரைண்டர் ஒண்ணு! மிக்சி ஒண்ணு! ஃபேன் ஒண்ணு!" என்று பக்கத்து ஊர்வரை கேட்கும்படி சொன்னார். இண்டக்ஷன் என்று போட்ட கரண்டு அடுப்பும் அயர்ன் பாக்ஸும்கூட இருந்தன. பட்டுப்புடவையும் மாலையுமாக நாற்காலியில் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஃபேனை மட்டும் பிரித்துப் பக்கத்தில் வைத்தால் போதும் என்றிருந்தது. வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். பக்கத்தில் நின்ற அத்தை, அப்பாவின் அக்கா, என் தொடையில் கிள்ளினார்.

"வாய மூடிட்டு இரு ஆத்தா. அது நீ வாக்கப்பட்டுப் போற வீட்டுக்கு."

நான் வாக்கப்பட்டுப் போகிற வீடு எது என்பதையும் அத்தையே முடிவு செய்திருந்தார். சின்னமனூரில் இருக்கும் அவருடைய வீடுதான். அவர் மகனுக்கு நான் முறைப்பெண். பெட்டிகள் எல்லாம் எங்கள் வீட்டுப் பரணில் ஏறின. தூசி படாமல் இருக்க அம்மாவின் பழைய சேலை ஒன்றைப் போர்த்தினார்கள். அதன் பிறகு அத்தை எப்போது வந்தாலும் ஒரு செம்பு தண்ணீர் குடிப்பார். அப்படியே அண்ணாந்து பரணைப் பார்ப்பார். பிறகுதான் எங்களை நலம் விசாரிப்பார்.

அந்தப் பரணுக்குக் கீழே உட்கார்ந்துதான் அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டினாள். அவள் திராட்சைத் தோட்டத்துக்குப் பழம் வெட்டப் போகிறவள். பந்தலில் தொங்கும் குலைகளைக் கத்திரியால் வெட்ட, நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கியே நிற்க வேண்டும். சாயங்காலம் வந்து அதே கையால் குழவியைச் சுற்றுவாள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கிரைண்டரும் மிக்சியும் எங்களுக்கும் வந்தன. "மூணு பேருக்கு அரைக்க மிசினு என்னத்துக்குடா?" என்று அத்தை கேட்டார். அக்கா சொன்னால் அப்பாவுக்கு அது போதும். இரண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சின்னமனூரில் இறக்கிவிட்டு வந்தார்.

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பேன். ஒருநாள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், கடைக்காரர் முத்திரை குத்திக் கொடுத்த வாரன்டி அட்டைகளைப் படித்தேன். வாங்கிய தேதியிலிருந்து இரண்டு வருடம் என்று போட்டிருந்தது. நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடிக்கும் கோடையோடு அந்த இரண்டு வருடம் முடிகிறது. ஒரு தடவைகூட ஓடாத மிசின்களுக்கு உத்தரவாதம் முடியப்போகிறது. அப்பாவிடம் சொன்னேன். "சீர்ச்சாமானப் பிரிக்கக் கூடாதுத்தா" என்றார். ஏன் என்றேன். "பிரிக்கக் கூடாது" என்றார்.

அதே கோடையோடு இன்னொன்றும் முடியவிருந்தது. "பத்தாவது போதும்டா. பொம்பளப்பிள்ளைக்கு அதுக்கு மேல படிப்பு என்னத்துக்கு? லீவுல வந்து பூ வச்சிட்டுப் போறேன். அப்புறம் எங்க வீட்டுப் பிள்ளை" என்று அத்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பா தலையாட்டியிருந்தார். அத்தையின் முன்னால் அம்மா எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கோ பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுத்துப் படிக்க வேண்டும் என்றிருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பூ வைக்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. வீரபாண்டித் திருவிழாவுக்காக அந்த வாரம்தான் வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தோம். பரணிலிருந்து இறக்கிய பெட்டிகள் நடுவீட்டில் கிடந்தன. அப்பா மேலே ஏற்றப் போனபோது அம்மா, "சுண்ணாம்பு காயட்டும், கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அன்று காலையில் அப்பா வாழைத்தார் ஏற்றப் போய்விட்டார். அறுவடைக் காலம் என்பதால் அம்மாவுக்கும் வேலை இருந்தது. வழக்கமாக ஊறவைப்பதைவிட நிறைய அரிசியும் உளுந்தும் ஊறவைத்திருந்தாள்.

"மத்தியானம் உங்க அத்தை வருவாக. நான் வாரதுக்குள்ள மாவ ஆட்டி வச்சிரு" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் ஆட்டுக்கல்லைப் பார்த்தேன். ஊறிய அரிசியைப் பார்த்தேன். நடுவீட்டில் கிடந்த கிரைண்டர் பெட்டியைப் பார்த்தேன். காய் நறுக்கும் கத்தியை எடுத்து, பெட்டியின் வாயில் ஒட்டியிருந்த டேப்பை ஒரே இழுப்பாக இழுத்தேன். பயமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

உள்ளே இருந்த புத்தகத்தை முழுக்கப் படித்த பிறகுதான் கையை வைத்தேன். முதலில் ஓட்டும்போது கல்லில் தூள் இருக்கும், கொஞ்சம் அரிசி போட்டு அரைத்து அதைக் கொட்டிவிட வேண்டும் என்று போட்டிருந்தது. அப்படியே செய்தேன். பிறகு உளுந்தைப் போட்டேன். அது பொங்கிப் பொங்கி வந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் போய் எதிர்வீட்டுச் சித்தியைக் கூட்டி வந்தார். அவர்களுக்குப் பின்னால், கையில் மல்லிகைப் பொட்டலமும் பழப்பையுமாக அத்தை வந்து நின்றார்.

"அடிப் பாதகத்தி, என்னடி செய்யிற?"

"மாவாட்டுறேன் அத்தை."

"அது தெரியுது. எதுல ஆட்டுற?"

"கிரைண்டர்லதான்."

எதிர்வீட்டுச் சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அத்தை பழப்பையைக் கீழே வைத்தார். பெட்டிகளை ஒரு தடவை எண்ணுவதுபோல் பார்த்தார்.

"சரி, ஒண்ணு போனாப் போகுது. மத்ததத் தூக்கி மேல வையி. ஒங்கப்பன் வரட்டும்."

அத்தை என்னை அறைந்திருந்தால் ஒருவேளை நான் அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். 'மேல வையி' என்றது தாங்கவில்லை.

"இல்ல அத்தை. எல்லாத்தையும் ஓட்டிப் பாக்கணும். இந்த மாசத்தோட வாரன்டி முடியுது. நாளைக்கு ஓடலன்னா நீங்கதான் எங்கப்பாவக் கேப்பீக."

"நான் ஏண்டி கேக்கப்போறேன்?"

"மைக்கு வச்சுச் சொல்லி வாங்குவீக, ஓடலன்னாக் கேக்க மாட்டீகளாக்கும்?"

சொல்லிக்கொண்டே ஃபேன் பெட்டியைக் கிழித்தேன். சடங்கன்று வராத காற்று இரண்டு வருடம் கழித்து வந்தது. "காத்து நல்லா வருது. ஆனா எடப்பக்கம் திரும்புனா வலப்பக்கம் வர மாட்டேங்குது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரரு மாதிரி. அவுக ஆத்தா வீட்டுப் பக்கந்தான் திரும்பும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அயர்ன் பாக்ஸ் சூடாயிற்று. வயர்தான் குட்டை, சுவரோடு ஒட்டி நின்று தேய்க்க வேண்டும். அதையும் சொன்னேன். கரண்டு அடுப்பை எடுத்துவைத்து எங்கள் சோற்றுச் சட்டியை ஏற்றினேன். அது கீச்கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. புத்தகத்தைப் பார்த்தேன். அலுமினியம் ஆகாதாம்.

"உங்க வீட்டுலயும் அலுமினியச் சட்டிதான அத்தை?"

"ஆமா" என்றார் அத்தை, தன்னை அறியாமல்.

"அப்ப இது ரெண்டு வீட்டுக்கும் ஆகாது."

கடைசியாக மிக்சி. சுவிட்சைத் திருகினேன். ஒரு முனகல்கூட இல்லை.

"கரண்டு போயிருக்கும்டி" என்றார் அத்தை. பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் இடப்பக்கம் பார்த்தபடியே சுற்றிக்கொண்டிருந்தது. மிக்சியைத் தூக்கி, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானைப் புத்தகத்தில் சொன்னபடி அழுத்திவிட்டு மறுபடியும் திருகினேன். அசையவில்லை. இரண்டு வருடமாக ஒரு செத்த மிக்சிக்குச் சேலை போர்த்தி வைத்திருந்தோம்.

"பிள்ள சொன்னது சரிதானே மதினி" என்றார் எதிர்வீட்டுச் சித்தி. அத்தைக்குக் கோபம் அப்போதுதான் முழுசாக வந்தது.

"சரியாவது? பிரிச்சுப் போட்ட சாமான வச்சு எம் மகனுக்குச் சபையில எப்பிடிடி சீர் சொல்றது? ஊரு சிரிக்காதா?"

"அப்பச் சொல்லாதீக. நான் கேட்டனா?"

அந்த நேரத்தில்தான் அம்மா தலையில் துண்டோடு உள்ளே வந்தாள். கிழிந்த அட்டைகளைப் பார்த்தாள். பாத்திரம் நிறைய வழிந்த மாவைப் பார்த்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை.

"மன்னிச்சிருங்க மதினி. இதுக்கு வாய்க்கொழுப்பு. நாந்தான் வளக்கத் தெரியாம வளத்துட்டேன். தாய்மாமன் சீரையே இப்பிடிக் குதறிப் போட்டவ, உங்க வீட்டுக்கு வந்தா எதத்தான் விட்டு வைப்பா? பீரோவப் பிரிச்சுப் பாக்கணும்பா. உங்க மகன் தங்கமான பிள்ள. அவுகளையும் நாலு நாளு ஓட்டிப் பாத்துட்டு, தெருவக் கூட்டி 'இது ஆகாது'ன்னு சொல்லீட்டான்னா, நான் எங்கன போயி மூஞ்சிய வைப்பேன்?"

பக்கத்து வீட்டு அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தை பழப்பையை எடுத்தார். மல்லிகைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் புதுசா வாங்கி அடுக்கிட்டு, இவளுக்கும் புத்தி சொல்லிட்டு, சொல்லி விடுங்க. அப்ப வாரேன்."

"சொல்லி விடுறேன் மதினி" என்றாள் அம்மா, மிகவும் பணிவாக. சின்னமனூர் பஸ் ஏறும் இடம்வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டும் வந்தாள்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. யாருடைய கைக்காக நான் அந்தப் பெட்டியைப் பிரித்தேன்? மறுநாள் காலையில் அம்மா அந்த மாவில் இட்லி சுட்டாள். வேண்டாம் என்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அதுவரை எங்கள் வீட்டில் அப்படி ஒரு இட்லி வந்ததில்லை. அதனால் என் வைராக்கியம் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

அப்பா மிக்சியை உத்தமபாளையத்துக் கடைக்கு எடுத்துப் போனார். நானும் போனேன். தேதியைக் காட்டிப் பேசி வேறு மிக்சி வாங்கி வந்தோம். மற்றதையெல்லாம் புதுசாக வாங்கி அடுக்க அப்பாவிடம் வழி இல்லை. அம்மா அதை நினைவுபடுத்தவும் இல்லை. அத்தைக்குச் சொல்லி விடாமலே கோடை கழிந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் நான் கணக்குப் பாடம் எடுத்துப் பதினொன்றில் உட்கார்ந்தேன். தெருவில் பல வீட்டுப் பரண்களிலிருந்தும் பெட்டிகள் இறங்கி என்னிடம் வந்தன. "ஓடுதா பாத்துச் சொல்லு ஆத்தா" என்பார்கள். பார்த்துச் சொன்னேன். நல்லது என்றால் நல்லது, ஆகாது என்றால் ஆகாது.

அம்மா மட்டும் மாறவில்லை. கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு, எங்கே போனாலும் என்னைப் பற்றிச் சொல்லி அழுதாள். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. ஒரு வீட்டில் நான் கிரைண்டர் மோட்டாரைக் கழற்றிப் போட்டவள் ஆனேன். இன்னொரு வீட்டில் அத்தையைக் கத்தியைக் காட்டி விரட்டியவள் ஆனேன். பெற்ற தாயே இப்படி ஊரெல்லாம் என் மானத்தை வாங்குகிறாளே என்று பொருமினேன். அவளோடு விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்தினேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, உத்தமபாளையத்துக் கல்லூரியில் சேர வரிசையில் நின்றபோது அம்மாவும் கூட வந்திருந்தாள். அந்த வழியாகப் போன கம்பத்துச் சொந்தக்காரப் பெண் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"பிள்ளைக்கு மாப்பிள்ள பாக்கலையா? எங்க கொழுந்தன் மகன் ஒருத்தன் இருக்கான், கேரளாவுல ஏலத்தோட்டத்துல கணக்குப் பாக்குறான்."

"நல்ல இடந்தான். ஆனா இவள யாரு கட்டுவா? தாலியக் குடுத்தாக்கூட உரசிப் பாத்துட்டுத்தான் கழுத்த நீட்டுவா. அவ்வளவு திமிரு" என்றாள் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நான் அம்மாவிடமிருந்து ஒரு அடி விலகி நின்றேன். இங்கேயுமா, இத்தனை பேர் நடுவிலுமா? அந்தப் பெண் தெருவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்த அம்மா, முந்தானையைக் கீழே விட்டாள். கண்ணில் ஈரமே இல்லை.

"வரிசை நகருது. முன்னால போ" என்றாள்.

அவளோடு பேசக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, முகத்தைத் திருப்பியபடியே நான் முன்னால் போனேன்.