துணி துவைக்கும் கல்லில் இருந்த திவான்

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். "ஏகாம்பரம், ஏகாம்பரம்... ரெண்டு சீட்டு" என்று டிரைவர் கூவிக்கொண்டிருந்தார். எதிரே கம்பெனி யூனிஃபார்மில் ஒரு பெண். தெற்கத்திப் பேச்சு.

"அண்ணே, ஏகாம்பரம்னா யாரு?"

"பிளாட் போட்ட ஆளு போலக் கீதும்மா. தன் பேரையே வெச்சிக்கினாரு."

ஆட்டோ மொத்தமும் அதை நம்பியது. என்னைத் தவிர. ஏனென்றால்... அந்தப் பெயரை முதலில் எழுதியவள் நான்தான். எழுதியதற்காக வேலை போகப் பார்த்ததும் எனக்குத்தான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் கிராம சுகாதார செவிலியாக இருந்தவள். 1991-ல் ஓரகடம் பக்கம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்னும் நிரந்தரமும் ஆகவில்லை. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை என்று சொன்னாலே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஓர் ஊரின் பெயர் எவ்வளவு கனமாகிவிடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

என் சரகத்தில் கல் உடைப்பவர்கள் வாழ்ந்த நாற்பது வீடுகள் இருந்தன. அரசாங்கப் பட்டியலில் அதற்குப் பெயரே கிடையாது. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வைத்த பெயர், பன்னிக்குட்டை.

அங்கே எல்லம்மா என்பவளுக்கு ஒரு காலையில் பிரசவம் பார்த்தேன். இரண்டாவது பெண் குழந்தை. கையைக் கழுவிவிட்டு ரெஜிஸ்டரைத் திறந்தேன். பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் எல்லம்மா படுத்தபடியே என் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பேரு எழுதாதம்மா."

"வேற என்ன எழுதறது?"

"பெரிய பொண்ணு இஸ்கூல்ல எந்த ஊருன்னு கேட்டாங்க. சொல்லிச்சு. அன்னிலேர்ந்து பசங்க அதைப் பாத்தாலே பன்னி மாதிரி கத்துறானுங்க. அது இப்ப இஸ்கூலுக்கே போறதில்ல."

என்ன பெயர் எழுதுவது? சாமி பெயர் வைக்கலாமென்றால் அங்கே பாதி வீடுகளில் மாரியம்மன், பாதி வீடுகளில் மாதா. கட்சித் தலைவர் பெயர் வைத்தால் மறுநாளே அடிதடி. அந்த வருஷம் இறந்துபோன தலைவரின் பெயரில் ஏற்கெனவே நகர்கள் முளைக்க ஆரம்பித்துவிட்டன.

எல்லம்மாவின் புருஷன் வாசலில் இருந்து சொன்னார்: "ஏரி மதகாண்ட நாம துணி தொவைக்கிற கல்லுல ஒரு பேரு கீதே. அத்த எழுதச் சொல்லு."

அந்தக் கல்லை நானும் படித்திருக்கிறேன். திவான் ஏகாம்பரனார். வெள்ளைக்காரர் காலத்தில் ஏதோ ஒரு சமஸ்தானத்தின் மந்திரி. பஞ்ச காலத்தில் இந்த மதகைக் கட்டிக் கொடுத்தவர். எந்தக் கட்சி, எந்தச் சாதி... யாருக்கும் தெரியாது. சண்டை போடுமளவுக்கு அவரைப் பற்றி ஒருவருக்கும் விவரம் போதாது. அதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா?

'திவான் ஏகாம்பரனார் நகர்' என்று எழுதினேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இரண்டாவது மாதம் மெமோ வந்தது. அப்படி ஒரு ஊரே இல்லை. இல்லாத ஊரில் பிரசவம் பார்த்ததாகப் பொய்ப் பதிவு செய்திருக்கிறீர்கள். விளக்கம் தேவை. மேலதிகாரி நேரில் வந்து விசாரிப்பார்.

அன்றைக்குக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுப் பையை எடுக்காமலே கிளம்பினேன். எல்லம்மா கவனித்துவிட்டாள்.

"இன்னாம்மா?"

சொன்னேன். வேலை போகலாம் என்றும் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "எந்தக் கெழம வராங்கோ?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை ஜீப்பில் போனோம். அதிகாரி வழி நெடுக என் ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டு வந்தார். நான் மனசுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மண் ரோடு திரும்பும் இடத்தில் ஜீப் நின்றது.

இரண்டு சவுக்குக் கழி நட்டு, நடுவில் ஒரு தகரம். அதில் தார் எழுத்து: 'திவான் ஏகாம்பறனார் நகர்'.

அதிகாரி இறங்கி எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் தார் ஒட்டிக்கொண்டது. அங்கே குவாரிக்குப் போகாமல் ஊரே நின்றிருந்தது.

"எப்போலேர்ந்து இந்தப் பேரு?"

"எங்க அப்பன் காலத்துலேர்ந்து சார்" என்றார் ஒருவர்.

"குழந்தை எங்கே?"

எல்லம்மா முன்னால் வந்தாள். "இதான் சார். ஏகாம்பரனார் நகர்ல பொறந்த மொதக் கொழந்த."

அப்பன் காலத்து ஊரில் முதல் குழந்தையா? நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி விரலைக் கைக்குட்டையில் நிதானமாகத் துடைத்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு ஜீப் பானட்டில் நோட்டை வைத்து எழுதினார்: 'ஊர் உள்ளது. பெயர்ப் பலகை நேரில் பார்வையிடப்பட்டது.'

கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "அந்த 'ற'வை 'ர'வா மாத்தச் சொல்லுங்க."

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை பிழைத்தது. அவர் எழுதிய அந்த வரியைக் காட்டித்தான் அவர்கள் ரேஷன் கார்டு வாங்கினார்கள். பிறகு அங்கே பஸ் நிற்க ஆரம்பித்தது; கண்டக்டர் வாயில் பெயர் 'ஏகாம்பரம்' என்று சுருங்கியது. பிறகு கம்பெனிகள் வந்து, நாற்பது வீடு நாலாயிரமானது. ஊருக்குப் பெயர் வைப்பது அரசாங்கம் என்று நினைக்கிறோம். பல சமயம் அதை ஜனங்கள் வைக்கிறார்கள், அரசாங்கம் படித்துப் பார்த்துக்கொள்கிறது.

அன்றைக்கு என்னை அங்கேயே விட்டு ஜீப் போன பிறகு எல்லம்மாவிடம் கேட்டேன். எனக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊரே பொய் சொல்ல வேண்டுமா?

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"உனக்காகவா? நீ எழுதினது பொய்யின்னா, எம்பொண்ணு பொறந்ததும் பொய்யின்னு ஆயிடுமே."