பாடின்னா மைனஸ்

ஜன்னல் ஓரம் ஸ்டூல் போட்டு அக்கா உட்கார்ந்திருக்கிறாள். இடது கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு பித்தளைக் குச்சி. வலது கையில் பேனா மாதிரி ஒரு சாமான், அதன் முனையில் மயிரிழை போல ஓர் ஊசி. எதிரே ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்த கண்ணாடி. ஊசியை இரண்டு புருவங்களுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு, "தம்பி, கரெண்டு வர்தாடா?" என்று கேட்கிறாள். "எல்லாம் வரும். ஜோடிச்சது யாரு?" என்கிறேன் நான். பத்து வருடம் இருக்கும். இன்றைக்கும் ஏதாவது ஒரு வண்டியில் ஒயரைச் சீவும்போது அந்தக் கேள்வி காதில் விழுகிறது. பதில் அதைவிட நன்றாக விழுகிறது.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புருவம் ஒன்றுதான். ஆளுக்கு இரண்டு என்று ஆண்டவன் கொடுத்தனுப்பியதை, எங்கள் நைனா கொண்டுவரும் வழியில் எங்கேயோ ஒட்டவைத்துவிட்டார் போலிருக்கிறது. என் முகத்தில் அது ஒரு வேகத்தடை. ஆம்பளையை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அக்கா நகரியில் புருவம் திருத்துகிறவள். அவளுடைய வீட்டுக்காரர் பவர்லூமில் நெய்துகொண்டிருந்தார். அவள் ஆறு மாதம் காலை ரயிலைப் பிடித்துத் திருப்பதிக்குப் போய், ஒரு பார்லரில் தரையைக் கூட்டிக்கொண்டே த்ரெடிங் கற்றுக்கொண்டு வந்தாள். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு அவள் கை ஓடுவதைப் பார்க்க வேண்டும். பொம்பளைகள் கண்ணில் தண்ணீர் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். மூன்று தெருவிலிருந்து வருவார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஓர் அறையைக்கூடப் பார்த்து வைத்திருந்தாள். போர்டில் என்ன எழுதுவது என்பதில்தான் பேச்சு நின்றிருந்தது. "ஒத்தப் புருவம் பியூட்டி பார்லர்னு போடு" என்றேன். நூல்கண்டு என் மண்டையில் வந்து விழுந்தது.

நூலில் எடுத்த முடி பதினைந்து நாளில் திரும்பி வந்துவிடும். திருப்பதியில் ஓர் அம்மா மிஷின் வைத்து, ஊசியில் கரெண்டு விட்டு, முடியை வேரோடு எடுப்பதை அக்கா பார்த்திருந்தாள். அது திரும்பி வராது. நகரியில் அதை முதலில் கொண்டுவருவது நாம்தான் என்று முடிவு செய்துகொண்டாள். மிஷினுக்கு வழியில்லை. ஆன்லைனில் வீட்டிலேயே செய்துகொள்ளும் பேனா ஒன்று கிடைத்தது. நான் கேட்டேன், "மொதல்ல யாரு சிக்கப்போறா?" அவள் முறைத்தாள். "என் மூஞ்சிலதான்டா பாக்கணும். அடுத்தவங்க மூஞ்சி இன்னா சிலேட்டா, எழுதிப் பாத்துட்டு அழிக்க?"

பேனா வந்தது. பித்தளைக் குச்சிக்குப் போகும் ஒயர் வழியிலேயே பிய்ந்துபோயிருந்தது. ஊசிப் பக்கமும் விட்டுப் போயிருந்தது. நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். டிராக்டர், லாரி, ஷேர் ஆட்டோ என்று இருபது வருடமாக ஒயர் பிடிக்கிறவன். நேராக என் கடைக்குக் கொண்டுவந்தாள். திறந்து பார்த்தேன். இரண்டு ஒயரும் கறுப்பு. ஒன்பது வோல்ட் பேட்டரி. ஊசிக்கு ஒன்று, கையில் பிடிக்கும் குச்சிக்கு ஒன்று. பெட்டிக்குள் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. "அதப் படிடா" என்றாள். "பேப்பர் பாத்து ரிப்பேர் பண்றவன் மெக்கானிக்கே இல்லக்கா" என்றேன்.

என் தொழிலில் முதல் பாடம் இதுதான். வண்டியில் பாடி எப்போதும் மைனஸ். பேட்டரியின் மைனஸை பாடியில் கட்டிவிட்டு, ப்ளஸ்ஸை விளக்குக்குக் கொண்டுபோக வேண்டும். பாடி எர்த் என்போம். இங்கே பாடி யார்? அக்கா. அவள் உடம்பைத் தொடுவது எது? அந்தக் குச்சி. ஆகவே குச்சிக்கு மைனஸ், ஊசிக்கு ப்ளஸ். இரண்டு நிமிட வேலை. ஈயம் ஆறுவதற்குள் ஊதிக் கொடுத்தேன். "பாடின்னா மைனஸ்க்கா, தெரிஞ்சிக்கோ" என்று பாடம் வேறு எடுத்தேன்.

ஊசி இறங்கியதும் அக்காவுக்குச் சுரீர் என்றது. திருப்பதியில் பார்த்தபோது முடியின் அடியில் வெள்ளையாக நுரை வந்ததாம், பிறகு முடி வெண்ணெயிலிருந்து வருவதுபோல வழுக்கிக்கொண்டு வந்ததாம். இங்கே நுரை வரவில்லை. முடியும் வரவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்கினாள். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, கை மட்டும் ஆடவில்லை. நடுவில் ஐந்து இடம், புருவ முனைகளில் ஒவ்வோர் இடம் என்று ஏழு முடியோடு போராடிவிட்டுத்தான் எழுந்தாள். மறுநாள் இமை வரைக்கும் வீக்கம். மஞ்சள் அரைத்துப் போட்டாள். வீக்கம் வடிந்தபோது ஏழு இடத்திலும் கறுப்பாகப் புள்ளி நின்றது. முனையில் இரண்டு பக்கமும் சீழ் வைத்து, புருவம் சொட்டையானது.

திருப்பதியில் தோல் டாக்டர் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "இதி இன்ட்லோ சேசுகுனே பனா அம்மா?" என்றார். வீட்டில் செய்துகொள்கிற வேலையா இது என்று. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கே கை தப்பும், கண்ணுக்குப் பக்கத்தில் இப்படியா விளையாடுவது, சதை வெந்து தழும்பாகிவிட்டது, ஊசியின் இரும்பு தோலுக்குள் இறங்கிப் பச்சை குத்தினது போல நின்றுவிட்டது என்று தெலுங்கிலேயே சொல்லிக்கொண்டு போனார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து, "என் கைதான்டா சரியில்ல" என்றாள்.

நான் என்ன செய்தேன்? ஆறுதல் சொல்லத் தெரியாதவன் செய்வதைச் செய்தேன். பஸ்ஸில் வரும்போது அவள் முகத்தைப் பார்த்து, "புள்ளி வெச்சாச்சி, கோலம் எப்பக்கா போடப் போற?" என்றேன். அவளும் சிரித்தாள். அதோடு விட்டேனா? கடையில் சொன்னேன். கடையிலிருந்து தெரு எடுத்துக்கொண்டது. தன் புருவத்தையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் நம் புருவத்தை என்ன செய்வாள் என்று பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். மூன்று தெரு ஒரு தெரு ஆனது. பிறகு யாரும் வரவில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அந்த வாரமே, அக்கா வீட்டில் வீணாய்ப்போன பேனாவைக் குப்பையில் போட எடுத்தபோதுதான் அந்தக் காகிதத்தைப் பிரித்தேன். எழுத்தே தேவையில்லை, படம் போட்டிருந்தான். ஒரு கை குச்சியைப் பிடித்திருக்கிறது, பக்கத்தில் ப்ளஸ். ஊசிக்குப் பக்கத்தில் மைனஸ். பத்து வயசுப் பிள்ளைக்குப் புரியும். உள்ளே அக்கா பக்கத்து வீட்டம்மாவிடம், "எனுக்குக் கை ராசி இல்லக்கா, வுடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சொன்னால் நாளைக்கு யார் என்னிடம் வண்டியை விடுவார்கள் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அக்கா என்னைப் பார்க்கப்போகும் பார்வை.

அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஸ்ரீ சிட்டியில் ஒரு செல்போன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். விடியற்காலை கம்பெனி பஸ். புருவம் வரைக்கும் இறங்கும் தொப்பி, மூக்கு வரைக்கும் மாஸ்க். "எனுக்குன்னே தெச்ச மாதிரி கீது" என்பாள். இடுக்கியால் கடுகு சைஸ் சாமானை எடுத்து வைக்கிற வேலை. ஒருமுறை சொன்னாள், "லைன்லயே என் கைதான் ஆடாதுன்னு சூப்பர்வைசர் சொல்றான்டா. அவனுக்கு இந்தக் கையோட கத தெரியாது." நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தூரில் படிக்கிற அவள் மகள் வந்திருந்தாள். அவளுக்கும் நைனாவின் சொத்து வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "மாமா, இந்தப் பேனாவுக்குப் பேட்டரி சரியா கீதான்னு பாரேன்."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாணாம்டி. நம்ம வம்சத்துக்கே அந்தக் கை இல்ல. எனுக்கே வரல, உனுக்கு வந்துடுமா?"

என் வாயிலிருந்து, "அது உன் கை இல்லக்கா. நான் ஒயர மாத்திக் குடுத்துட்டேன்" என்று வந்துவிட்டது.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாமா, புதுசா கத வுட்றியா?" என்றாள் அவள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன் ஒருத்தன். சாவு வூட்லகூட காமெடி பண்ணுவான்" என்றாள். வாழ்நாள் முழுக்கச் சிரிக்க வைத்தவன் ஒரு தடவை நிஜம் சொன்னால் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினேன். பேனாவிலிருந்து பேட்டரியைக் கழற்றி, இரண்டு ஒயர் கட்டி, அக்காவின் தையல் ஊசி இரண்டை முனையில் சுற்றிக் கிழங்கில் குத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மைனஸ் ஊசியைச் சுற்றி வெள்ளையாக நுரை பொங்கியது. ப்ளஸ் ஊசியைச் சுற்றி மெதுவாகக் கறுத்தது.

"இதுதான் ஊசியில வந்திருக்கணும்" என்று நுரையைக் காட்டினேன். கறுப்பைக் காட்ட எனக்குக் கை வரவில்லை.

அக்கா கிழங்கைக் கையில் வாங்கினாள். ஊசிகளைப் பிடுங்கி, ஒயரை மாற்றிச் சுற்றி, வேறு இடத்தில் குத்தினாள். அந்த விரல்கள் அப்போதும் ஆடவில்லை. கறுப்பு அடுத்த ஊசிக்குப் போனது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நுரையே வரலடா அன்னிக்கி" என்றாள். "என் கைக்குத்தான் வரலன்னு நெனச்சிக்கினு இன்னும் அழுத்தனேன்."

நான் கிழங்கிலிருந்து ஒயரைக் கழற்றினேன்.

"உனுக்கு எப்பத் தெரியும்?"

"அந்த வாரமே."

அவள் மகள் பேனாவைப் பெட்டியில் போட்டு மூடினாள். ஒயரைச் சரியாகக் கொடுத்திருந்தாலும் அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, திருப்பி அனுப்பிவிடு என்று அவளிடம் சொன்னேன், அன்றைக்கு டாக்டரம்மா சொன்னதையும் சேர்த்து. சொல்வதற்கு ஆள் கிடைத்த அவசரத்தில் நிறையவே சொன்னேன். அக்கா எங்கள் பக்கம் திரும்பவில்லை. வலது கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, மல்லாத்தி, கவிழ்த்து, யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் கை நல்ல கைதானா?" என்று கேட்டாள். என்னைக் கேட்டாளா என்று தெரியவில்லை.

கிளம்புகிறேன் என்றேன். இத்தனை வருடத்தில் அந்த வீட்டிலிருந்து நான் வெறும் வயிற்றோடு எழுந்து போனதில்லை, அவள் விட்டதில்லை. அன்றைக்கு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. செருப்பைப் போட எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவள் கூப்பிடவில்லை.