கள்ளி என்று மட்டும் சொன்னார்கள்

சப்பாத்திக் கள்ளிப் பழத்தைத் தின்றால் நாக்கு மட்டுமல்ல, மோவாய்கூட ரத்தம் வழிந்ததுபோல் சிவந்துபோகும். எண்பதுகளில், மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து இடுகாட்டை ஒட்டிய மணல்மேட்டில் அது புதராக மண்டிக் கிடந்தது. பக்கத்திலேயே சதுரக் கள்ளியும் நின்றது. பழத்துக்கு அலைந்த பிள்ளைகளான எங்களுக்கு இரண்டையும் நன்றாகத் தெரியும். தட்டை மடலில் புள்ளிபுள்ளியாகக் கொத்து முள்ளும், ஒடித்தால் வழவழப்பான நீரும் இருந்தால் அது சப்பாத்தி; தண்டு விளிம்பு கட்டி, விளிம்பில் இரட்டை இரட்டையாக முள் வைத்து, கீறினால் வெள்ளையாகக் கசிந்தால் அது "பால் கள்ளி", கிட்டே போகக் கூடாது. பெரியவர்களுக்கோ இரண்டும் வெறும் "கள்ளி"தான்.

செம்பனைக் குலை வெட்டும் அப்பா, முழங்காலில் கட்டி வந்து, காலை ஊன்ற முடியாமல் தொழிலாளர் லயத்து வீட்டில் கிடந்தார். பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை, அம்மாவின் உயிர்த்தோழி, "கள்ளிய வாட்டி வச்சுக் கட்டுங்க அண்ணி, ஒடனே ஒடைஞ்சிரும் லா" என்றார். நாங்கள் பள்ளியில் இருந்த நேரம் அம்மா தனியே போய், முள் குறைவாகத் தெரிந்த தண்டை ஓங்கி வெட்டியிருக்கிறார். பால் கண்ணில் தெறித்துவிட்டது. தோட்டத்து லோரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது கண் தேறியது. வலது கண்ணில் வெள்ளை படர்ந்து பார்வை போயிற்று.

அப்பாவின் கட்டி தானாகவே உடைந்து ஆறியது. நடக்க முடிந்ததும் கோடாரியோடு மணல்மேட்டுக்குப் போனவர், எது எதுவென்று பாராமல் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தார்.

அஞ்சலை அத்தை எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. குழாயடியில் கண்டாலும் தலையைக் குனிந்துகொள்வார். ஒரு மாலை அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார்.

"கள்ளின்னு மட்டுந்தானே சொன்னேன் அண்ணி, எந்தக் கள்ளின்னு சொல்லாம விட்டுட்டேனே" என்று அத்தை கதவைப் பிடித்தபடி அழுதார்.

"கண்ணுதான் போச்சு அஞ்சல. நீயும் போவணுமா?" என்றார் அம்மா.

அந்த வருஷக் கடைசியில் அத்தை செரண்டாவில் இருந்த மகள் வீட்டோடு போய்விட்டார். பிறகு ஒரு சேதியும் இல்லை.

இன்று அந்த லயம் இல்லை, இடுகாடும் இல்லை. மணல்மேட்டைச் சமப்படுத்தி வீடுகள் கட்டிவிட்டார்கள். அம்மா பத்தாங் காலியில் என்னோடு இருக்கிறார். ரவாங்குக்குப் போகும் வழியில் செரண்டா வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, சாலையோரம் நடக்கும் வயதான பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருவார். நான் காரை மெதுவாக ஓட்டுவேன்.