ப்தி, ப்தி

இன்று தீவனக் கடையைத் தாண்டும்போது மூக்கில் ஏறிய ஈரத் தவிட்டு வாசம் என்னைக் கருவடிக்குப்பத்து வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் விட்டது. அங்கே இப்போது அடுக்குமாடி நிற்கிறது. மில் வேலை போன அப்பா சந்தையில் வாங்கிவந்த ஆறு கோழிகளுக்கு, எங்கள் முதல் கோழிகளுக்கு, அம்மா தவிட்டைப் பிசைந்து, மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, “பா, பா” என்று தொண்டை வறளக் கூப்பிடுவாள். ஒன்றும் வராது. தவிடு புளித்துக் கிடக்கும். ஆனால் சாயங்காலம் மதில் தாண்டித் திரும்பும் கோழிகளின் இரைப்பை, தொட்டால் கெட்டியாக நிறைந்திருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் வீடு. நாங்கள் சொல்தா வீடு என்போம். கோழி வளர்த்த அவர் மனைவி அங்கேயே இறந்தபின் அது பூட்டியே கிடந்தது.

ஒருநாள் சலித்துப்போன அம்மா, அந்தம்மா பிரெஞ்சில் தன் கோழிகளைக் கூப்பிட்ட மாதிரியே, “ப்தி, ப்தி” என்றாள். ஆறும் விழுந்தடித்து ஓடிவந்தன.

அப்பா சிரிக்கவில்லை. “இதுங்கள போன வாரந்தான வாங்கியாந்தேன்,” என்றார். “அந்தம்மா போயி மூணு வருசம் ஆவுது.”

அம்மா இன்னொரு சட்டியில் தண்ணீர் ஊற்றி மதில்மேல் சொல்தா வீட்டுப் பக்கமாக வைத்தாள்.